ஒரு நொடியில் காட்டப்பட்ட ராஜ்யங்கள்



பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. இனி ஜூன் மாதம் வரை நாகமலை புதுக்கோட்டையில் வீட்டுக்கு வீடு ஒரே வழக்குதான் நடக்கும். கூண்டில் நிற்பது பிள்ளை. பிடிபட்ட பொருள் கைப்பேசி. குற்றம் வீடியோ கேம். தாய் குற்றம் சாட்டுவார், தகப்பன் தீர்ப்புச் சொல்வார், பிள்ளை பாட்டியிடம் மேல்முறையீடு செய்யும். இரண்டொரு வாரத்தில் வழக்கு என்னிடமும் வந்துவிடும்: "ஐயா, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் இதைக் கண்டித்து ஒரு வார்த்தை பேசுங்கள்." பேசப்போவதில்லை. அந்தக் கூண்டில் ஏற வேண்டியவர் இன்னும் பிடிபடவேயில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

நான் கூண்டில் ஏற்ற விரும்புவது விளம்பரத்தை. அந்த விளையாட்டைப் பிள்ளையின் கண்முன் கொண்டுவந்து நிறுத்திய, டிரெய்லர் என்று நாம் சொல்லும் முன்னோட்டத்தை. விளையாட்டைப் பற்றி ஆயிரம் எச்சரிக்கை செய்கிற நாம் விளம்பரத்தை ஒரு நாளும் விசாரிப்பதில்லை. விசாரிக்காதது மட்டுமா? பழைய விளம்பரங்களைக் கொஞ்சிக் குலாவுகிறோம். நாற்பது வயதைத் தாண்டிய சபையார் பலர், பிள்ளையின் கைப்பேசியைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, தங்கள் கைப்பேசியில் யூடியூபைத் திறந்து, தாங்கள் சிறுவராயிருந்த காலத்து வீடியோ கேம் விளம்பரங்களைத் தேடிப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு ஒரு பெருமூச்சு: "அந்தக் காலத்தில் விளம்பரம்கூட எவ்வளவு வெள்ளந்தியாக இருந்தது!" அன்பானவர்களே, அது வெள்ளந்தி அன்று. நாம் சிறுவராயிருந்ததால் நமக்கு அப்படித் தோன்றியது.

நம் ஊருக்கு வந்ததிலிருந்தே தொடங்குவோம். 1995ஆம் ஆண்டில் சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் கருவியை ஷா வாலஸ் நிறுவனம் இந்தியாவில் விற்கத் தொடங்கியபோது அதன் விலை 18,000 ரூபாய். பல்கலைக்கழகத்திலும் கல்லூரிகளிலும் மாதச் சம்பளம் வாங்கியோர் நிறைந்த நம் பகுதியிலும் எத்தனை வீடுகளுக்கு அது கட்டுப்படியாகியிருக்கும்? ஆகவே நமக்கு வந்தவை நகல்கள். டிவி கேம் என்று சொல்லி வாங்கினோம். அவற்றோடு ஒரு மஞ்சள் கேசட். அதன் மேலே ஒட்டிய படத்தில் துப்பாக்கி ஏந்திய வீரர்கள், தாவும் மாரியோ, பறக்கும் விமானம். நடுவே கொட்டை எழுத்தில் '9999999 இன் 1'. தொலைக்காட்சியில் வந்த எந்த விளம்பரத்தையும்விட நம் தலைமுறை அதிகம் உற்றுப் பார்த்த விளம்பரம் அந்தச் சிறிய காகிதம்தான்.

அந்த எண்ணைக் கொஞ்சம் கணக்குப் பாருங்கள். ஓர் ஆட்டத்துக்கு ஒரே ஒரு நிமிடம் என்று வைத்து, உண்ணாமல் உறங்காமல் ஆடினாலும், அத்தனையையும் ஆடி முடிக்க 19 ஆண்டுகள் ஆகும். உள்ளே உண்மையில் இருந்தவை சில ஆட்டங்களே. அதே மாரியோ இரண்டாம் கட்டத்திலிருந்து தொடங்கினால் அதற்கு ஒரு பெயர், மூன்றாம் கட்டத்திலிருந்து தொடங்கினால் இன்னொரு பெயர். வாங்கி வந்த அன்று மாலையே நாம் அதைக் கண்டுபிடித்தோம். அடுத்த கேசட்டையும் வாங்கினோம். பொய் என்று தெரிந்த பிறகும் வாங்கலாம் என்கிற பாடத்தை எட்டு வயதில், எந்த ஆசிரியரும் இல்லாமல் கற்றுக்கொண்டோம். இதைத்தான் இன்று சிரித்துக்கொண்டே நினைவுகூர்கிறோம்.

நகலெடுத்தவர்கள் மோசக்காரர்கள், அசல் நிறுவனங்கள் நேர்மையானவை என்று ஒருவர் சொல்லக்கூடும். அசலைப் பார்ப்போம். 1982ஆம் ஆண்டு ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' திரைப்படம் உலகை அழவைத்தது. அந்தப் பெயரில் ஒரு விளையாட்டைக் கிறிஸ்துமஸ் விற்பனைக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்று அட்டாரி நிறுவனம் ஒரே ஒரு மனிதரிடம் ஏறக்குறைய 5 வாரங்கள் கொடுத்தது. அட்டைப்பெட்டியில் அந்த வேற்றுக்கிரகக் குழந்தையின் கனிந்த முகம்; திரையில் குழிக்குள் விழுந்து ஏறி மறுபடியும் விழும் பச்சைக் கட்டங்கள். விற்காமல் தேங்கியவற்றை, வேறு பல கேசட்டுகளோடு சேர்த்து, 1983இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அலமோகோர்டோ என்ற ஊரின் குப்பைக் கிடங்கில் புதைத்தார்கள். 2014 ஏப்ரலில் அந்த இடத்தைத் தோண்டியபோது அவை வெளியே வந்தன. கிறிஸ்துமஸ் காலையில் அந்தப் பெட்டியைப் பிரித்த பிள்ளைகளின் முகங்களை மட்டும் எந்தக் குப்பைக் கிடங்கிலும் தோண்டி எடுக்க முடியாது.

"விளம்பரம் என்றால் கொஞ்சம் மிகைப்படுத்தத்தானே செய்யும்?" என்று கேட்பீர்கள். பூக்காரம்மா தன் கூடையிலுள்ள மல்லிகையை உலகத்தில் இல்லாத மணம் என்று கூவினால் அது மிகை. அதைக் கேட்டு யாரும் ஏமாறுவதில்லை. மல்லிகையைக் காட்டிவிட்டுக் காகிதப் பூவைக் கட்டிக் கொடுத்தால் அதற்குப் பெயர் வேறு. வீடியோ கேம் முன்னோட்டங்களின் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால் காகிதப் பூவே மிகுதி. 2005 மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸ் கண்காட்சியில் சோனி நிறுவனம் 'கில்சோன் 2' என்ற விளையாட்டின் காட்சிகளைத் திரையிட்டது. பார்த்தவர்கள் அதை விளையாட்டு என்றே எண்ணினார்கள். அது விளையாட்டே அல்ல. விளையாட்டு இப்படி இருக்க வேண்டும் என்று தனியே வரைந்து செய்யப்பட்ட அசைபடம். உண்மையான விளையாட்டு வெளிவந்தது 2009இல். அந்தப் படத்துக்கு ஈடாக வேண்டும் என்று அதைச் செய்தவர்கள் கடுமையாக உழைத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் 2005இல் காட்டப்பட்டது 2005இல் இல்லாத ஒன்று.

இதைவிட என்னை அதிகம் வருத்துவது 2011 பிப்ரவரியில் வந்த 'டெட் ஐலண்ட்' முன்னோட்டம். கடற்கரை விடுதியில் தங்கியிருக்கும் ஒரு குடும்பம், பிணங்கள் எழுந்து வந்து தாக்கும் இரவு, சாளரத்திலிருந்து விழும் ஒரு சிறுமி. எல்லாம் பின்னோக்கி ஓடும். விழுந்த பிள்ளை மேலே எழும்பித் தகப்பனின் கைக்குப் போகும். பின்னணியில் மெல்லிய பியானோ இசை. உலகம் முழுவதும் மக்கள் பார்த்துக் கலங்கினார்கள். கான் விளம்பர விழாவில் அதற்குத் தங்க விருது கொடுத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் விளையாட்டு வந்தது. அந்தத் தகப்பனின் துயரத்தை அதில் வாழ்ந்து பார்க்க வழியில்லை. சுத்தியலையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு பிணங்களை அடித்து நொறுக்கிக்கொண்டே போவதுதான் ஆட்டம்.

அடித்து நொறுக்கும் ஆட்டத்தை அடித்து நொறுக்கும் ஆட்டம் என்றே விற்றிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வராது. ஒரு பிள்ளையை இழந்த தகப்பனின் துக்கம் எப்படிப்பட்டது என்று நம் சபையில் சிலருக்குத் தெரியும். அவர்கள் வீட்டுத் திண்ணையில் நான் பேச்சின்றி உட்கார்ந்திருக்கிறேன். அந்தத் துக்கத்தை இரவல் வாங்கி, மூன்று நிமிடம் காட்டி, கண்ணீர் வரவழைத்து, அந்தக் கண்ணீரின் மேல் ஒரு விலைச்சீட்டை ஒட்டுவது எத்தகைய வியாபாரம்? கலைத்திறன் என்று விருது கொடுத்தவர்கள் கொடுக்கட்டும். நான் அதைத் திருட்டு என்கிறேன்.

இந்தத் திருட்டு வெளிநாட்டில் மட்டும் நடப்பதன்று. 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி தடை செய்யப்பட்டது. இரண்டே நாளில் நடிகர் அக்ஷய் குமார் 'ஃபௌஜி' என்ற இந்திய விளையாட்டை அறிவித்தார். அக்டோபர் 25, தசரா அன்று அதன் முன்னோட்டம் வந்தது. களம் கல்வான் பள்ளத்தாக்கு. அங்கே ஜூன் 15 இரவில் உயிர் கொடுத்த நம் வீரர்கள் 20 பேர். அவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் கே. பழனி. அந்த வீட்டில் ஐந்து மாதம்கூட நிறையவில்லை. அதற்குள் அந்தப் பனிமலைச் சண்டை முரசொலியோடு நம் பிள்ளைகளின் கைப்பேசித் திரையில் ஓடியது. வருவாயில் 20 விழுக்காட்டை வீரர் குடும்பங்களுக்கான நிதிக்குக் கொடுப்பதாக அறிவித்தார்கள். நல்லது, அதைக் குறைசொல்ல மாட்டேன். 2021 குடியரசு நாளில் விளையாட்டு வந்தபோது அது கையாலும் கிடைத்த ஆயுதத்தாலும் எதிரிகளை அடித்துக்கொண்டே நகரும் ஒரு சிறிய ஆட்டமாக இருந்தது. ஆட்டம் எளியதாய் இருந்தது குற்றமல்ல. ஒரு விதவையின் இழப்பு முன்னோட்டத்துக்குக் கச்சாப் பொருளாயிற்று என்பதே என் வழக்கு. அதைப் பார்த்துவிட்டுத் தேசபக்தி என்று நம் வாட்ஸ்அப் குழுக்களிலேயே பகிர்ந்தவர்கள் உண்டு.

விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமைப்பு பிரிட்டனில் சில முறை இந்தப் பொய்யைப் பிடித்திருக்கிறது. 2013இல் 'ஏலியன்ஸ்: கலோனியல் மரீன்ஸ்' முன்னோட்டத்தில் காட்டிய தரம் விளையாட்டில் இல்லை என்ற புகாரின் மேல், முன்னோட்டங்களில் அறிவிப்புச் சேர்க்க சேகா ஒத்துக்கொண்டது. 2020இல் 'ஹோம்ஸ்கேப்ஸ்', 'கார்டன்ஸ்கேப்ஸ்' என்ற கைப்பேசி விளையாட்டுகளின் விளம்பரங்கள் தடை செய்யப்பட்டன. ஊசியை உருவி ஆளைக் காப்பாற்றும் புதிரை விளம்பரம் காட்டியது. விளையாட்டோ பெரும்பாலும் வண்ணக் காய்களைச் சேர்ப்பது. கீழே பொடி எழுத்தில், எல்லாப் படங்களும் உண்மை ஆட்டத்தைக் காட்டுவன அல்ல என்று ஒரு வரி போட்டிருந்தார்கள். அந்த வரி போதாது என்று அந்த அமைப்பு தீர்ப்புச் சொன்னது. பொடி எழுத்து என்பது பொய் சொல்ல அனுமதிச் சீட்டு அல்ல என்று ஓர் அரசு சாராத அமைப்புக்குத் தெரிகிறது.

இப்போது நம் வீட்டு வரவேற்பறைக்கு வருகிறேன். ஆன்லைன் ரம்மி விளம்பரங்கள் நினைவிருக்கிறதா? 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் தடை செய்த பிறகு, அவையும் பழைய விளம்பரங்கள் ஆகிவிட்டன. இனி அவற்றையும் ஒருநாள் யாராவது ஏக்கத்தோடு பார்ப்பார்களோ என்னவோ. வேண்டாம், இப்போதே, நினைவு சூடாக இருக்கும்போதே பாருங்கள். சிரித்த முகத்தோடு ஒரு நட்சத்திரம். பக்கத்து வீட்டுக்காரர்போல ஒருவர், இத்தனை லட்சம் வென்றேன் என்பார். சேர்ந்தவுடன் கையில் போனஸ். கிரிக்கெட் ஆட்டத்தின் ஒவ்வொரு இடைவெளியிலும் வந்தது. பிள்ளையின் வீடியோ கேமுக்கு வழக்கு நடத்திய அதே வரவேற்பறையில், அதே தகப்பன் முன்னால் வந்தது. யாரும் தொலைக்காட்சியை அணைக்கவில்லை.

2020 நவம்பரில், நம் மதுரையின் மறுகோடியில் ஒத்தக்கடைப் பக்கம் இருக்கும் உயர்நீதிமன்றக் கிளைதான், இத்தகைய விளம்பரங்களில் தோன்றியதற்காக விராட் கோலி, சவுரவ் கங்குலி போன்றோருக்கும் திரைக் கலைஞர்கள் சிலருக்கும் நோட்டீஸ் அனுப்ப உத்தரவிட்டது. விளையாடினவரை விட்டுவிட்டு விளம்பரப்படுத்தினவரைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. நான் இந்தக் கட்டுரையில் கேட்பதும் அதுதான். அடுத்த மாதமே மத்திய அரசு விதி காட்டியது: பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் ஆடுவதாகக் காட்டக் கூடாது, பிழைப்புக்கு வழி என்று காட்டக் கூடாது, பண இழப்பு நேரிடலாம் என்றும் அடிமையாக்கலாம் என்றும் எச்சரிக்கை சொல்ல வேண்டும், அதையும் இயல்பான பேச்சு வேகத்தில் சொல்ல வேண்டும். நாம் கேட்டது எந்த வேகத்தில்? ஒரு மூச்சில், வாய்க்குள்ளேயே, ரயிலைப் பிடிக்க ஓடுகிறவனைப்போல. அந்த எச்சரிக்கையைக் கேலி செய்து பிள்ளைகள் வேகமாகச் சொல்லிக்காட்டி விளையாடினார்கள். அதற்குள் தமிழ்நாட்டில் எத்தனை வீடுகள் கடனில் விழுந்தன, எத்தனை பேர் தங்கள் உயிரைத் தாங்களே முடித்துக்கொண்டார்கள். ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையிலான குழு 2022இல் தடையைப் பரிந்துரைத்ததும், மாநிலச் சட்டம் ஆளுநரிடம் போய்த் திரும்பி, மறுபடியும் நிறைவேறி, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்ததும் நீங்கள் செய்தித்தாளில் படித்தவை.

கவனியுங்கள்: அந்த வலையில் விழுந்தவர்கள் யார்? வேலை பார்த்தவர்கள், குடும்பம் நடத்தியவர்கள், பிள்ளைகளைக் கண்டித்தவர்கள். மஞ்சள் கேசட்டின் மேல் ஒட்டியிருந்த எண்ணை எட்டு வயதில் நம்பிய தலைமுறையும் அதில் உண்டு. விளையாட்டைத் தடுத்தால் பிள்ளை தப்பிவிடும் என்பவர்களுக்கு என் பதில் இதுதான். வீடியோ கேம் பக்கமே போகாத மனிதரும், தம் கண்ணுக்குக் காட்டப்பட்டதை விசாரிக்கத் தெரியாததால் விழுந்தார்கள்.

வனாந்தரத்தில் நம் ஆண்டவருக்கு நேர்ந்ததை லூக்கா எழுதியிருக்கிறார். சோதனைக்காரன் உலகத்தின் ராஜ்யங்கள் அனைத்தையும் ஒரு நொடிக்குள் காட்டினான். நான் இதைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் முன்னோட்டங்களை வைத்துப் பார்க்கும்போது இரண்டு காரியங்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஒன்று, அவன் காட்டியது மகிமையை மட்டும். அந்த ராஜ்யங்களின் சிறைச்சாலைகளும் வரிச் சுமையும் பசித்த பிள்ளைகளும் அந்த நொடிக்குள் வரவில்லை. நொடி என்பதே அதற்காகத்தான். நிதானமாகப் பார்த்தால் அவையும் தெரிந்துவிடும். மற்றொன்று, இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது: விலை என்ன என்பதை அவன் ஒளிக்கவில்லை. என்னை வணங்க வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டான். பொடி எழுத்தில் போடவில்லை, வேகமாக வாசித்து ஓடவில்லை. நம் காலத்து விளம்பரக்காரர்கள் அவனைவிட ஒரு படி தேறிவிட்டார்கள்.

இதை எழுதும்போது நம் பக்கமும் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. தேனி சாலை நெடுகச் சுவர்களில் ஒட்டப்படும் நற்செய்திக் கூட்டங்களின் சுவரொட்டிகளை வாசித்துப் பாருங்கள். குருடர் பார்ப்பார்கள், கடன் தீரும், தடைகள் உடையும். பிரசங்கியாரின் முகம் வாசல் உயரத்துக்கு. அவையும் முன்னோட்டங்கள். அவற்றை நம்பி வந்து, நோயோடு திரும்பிய ஒரு தாயிடம் உனக்கு விசுவாசம் போதாது என்று சொல்லி அனுப்புகிறவர்கள், ரம்மி விளம்பரத்தைக் கண்டிக்கும் தகுதியை எங்கே வைத்திருக்கிறார்கள்? இது தனியே எழுத வேண்டிய பொருள்; இன்னொரு வாரம் எழுதுகிறேன்.

பெற்றோருக்கு நான் சொல்வது எளிது, ஆனால் நேரம் பிடிக்கும். பிள்ளையின் அருகில் உட்காருங்கள். அவன் ஆசைப்படும் விளையாட்டின் முன்னோட்டத்தை அவனோடு சேர்ந்து பாருங்கள். அடுத்து, யாராவது ஒருவர் அதே விளையாட்டை ஆடிப் பதிவேற்றிய காணொலியைப் பத்து நிமிடம் பாருங்கள். முன்னதில் இருந்தது எது பின்னதில் இல்லை என்று அவனையே கேளுங்கள். நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள். உங்கள் காலத்து விளம்பரம் ஒன்றையும் அவனுக்குக் காட்டி, அப்பாவை எப்படி ஏமாற்றினார்கள் பார் என்று சொல்லுங்கள். அவன் சிரிப்பான், சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்வான். 2023இல் 'தல' என்று தோனியையே ஒரு பாத்திரமாக அறிவித்து வந்த ஃப்ரீ ஃபயர் இந்தியா விளம்பரத்தை அவன் உங்களுக்குக் காட்டுவான். அந்த விளையாட்டு சொன்ன தேதியில் வந்ததா என்று கேளுங்கள்.

நேர்மையான முன்னோட்டமும் உண்டு என்று அவனுக்குக் காட்ட 'வெண்பா'வைத் தேடிப் பாருங்கள். டொரண்டோவில் தமிழர் ஒருவர் தொடங்கிய சிறு நிறுவனம் 2023இல் வெளியிட்ட விளையாட்டு. மறு ஆண்டு பாஃப்டா விருதும் பெற்றது. தமிழகத்திலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தாய், கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லி அவிக்கிறாள். தமிழ் பேசத் தயங்கும் மகனோடு போராடுகிறாள். முன்னோட்டத்தில் அடுப்பும் பாத்திரமும் குடும்பமும் காட்டினார்கள். விளையாட்டைத் திறந்தால் அடுப்பும் பாத்திரமும் குடும்பமும் இருக்கின்றன. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதே முதல் புதிர். நம் வீட்டு அம்மாமார் எவரும் தம் பிள்ளையைத் தோற்கடித்துவிடக்கூடிய ஒரே வீடியோ கேம் அதுவாகத்தான் இருக்கும்.

இந்த ஆண்டு நம் சபையின் விடுமுறை வேதாகமப் பள்ளியில், மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குக் கடைசி நாள் பிற்பகலை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். பழைய முன்னோட்டங்கள் சிலவற்றைத் திரையிட்டு, ஒவ்வொன்றின் பின்னும் உண்மை ஆட்டத்தைக் காட்டுவோம். தகப்பன்மாரும் வரலாம், பின்வரிசையில் உட்காருங்கள், பிள்ளைகள் பேசி முடிக்கும்வரை பேசாதிருங்கள். உங்களில் யார் வீட்டுப் பரணிலாவது அந்த மஞ்சள் கேசட் இன்னும் கிடந்தால் கொண்டுவாருங்கள். கருவி ஓடாவிட்டாலும் பரவாயில்லை. மேலே ஒட்டிய காகிதம் கிழியாமல் இருந்தால் போதும்.